மிளகாய் இலை சுருண்டால், மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டதும் பெரும்பாலும் கை வேப்ப எண்ணெய் பாட்டிலுக்குத்தான் போகிறது. ஆனால் மிளகாய் இலை சுருள ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு வேப்ப எண்ணெயால் பயனே இல்லை. வெயிலில் தவிக்கும் செடிக்கு நண்பகலில் எண்ணெய் அடித்தால் இலை கருகும். உப்பு ஏறிய தொட்டியில் "சத்துக் குறைவு" என்று உரம் போட்டால் இருக்கிற வேரும் போகும். காரணம் தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது, தெளிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஒரு லென்சும் போதும்.

இங்கே எழுதுவது மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜன்னலோரம், கிரில் போட்ட பால்கனி, வராந்தா ஆகிய இடங்களில் தொட்டி வைத்து வளர்ப்பவர்களுக்காக. வயல் மிளகாய்க்கு வரும் தொல்லையும் வீட்டு மிளகாய்க்கு வரும் தொல்லையும் ஒன்றல்ல. வயலில் காற்று உண்டு, இலையைக் கழுவிவிடும் மழை உண்டு, இலைப்பேனையும் சிலந்தியையும் (வீட்டுச் சுவரில் ஓடும் சிலந்தி அல்ல, செடியின் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிர்) தின்னும் நல்ல பூச்சிகள் உண்டு. வீட்டுக்குள் இது எதுவும் கிடையாது. அதனால் சின்னச் சிலந்திகூட நான்கு சுவருக்குள் தடையில்லாமல் பெருகும். வெளிச்சம் குறைவதால் மண்ணின் ஈரம் காயாமல் நிற்கும். தொட்டி சிறியது என்பதால் உப்பு வேகமாகச் சேரும்.

முதலில் எந்த இலை என்று பாருங்கள்

செடியை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். கோளாறு குருத்திலா, நடு இலையிலா, அடி இலையிலா? இந்த ஒரு கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பும். ஆகவே இவை குறைந்தால் அடி இலைதான் முதலில் வெளிறும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவற்றைச் செடியால் அப்படி இடம் மாற்ற முடியாது. இவை குறைந்தால் அடி இலை பச்சையாக நிற்கும், குருத்து மட்டும் கெடும். பூச்சியில் இலைப்பேனும் முரணைச் சிலந்தியும் குருத்தைத்தான் தேடிப் போகும். செஞ்சிலந்தி பெரும்பாலும் அடியிலும் நடுவிலும் தொடங்கி மேலே ஏறும்.

அடுத்து இலையைத் திருப்புங்கள். மிளகாயின் தொல்லை பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது; மேல்பக்கத்தை மட்டும் படம் எடுத்து "இது என்ன நோய்?" என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பிறகு இரண்டாம் கணு மூழ்கும் வரை விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கி எடையும் பாருங்கள். கடைசியாகக் கடந்த 2 வாரத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். இடம் மாற்றினீர்களா, புதிதாக நர்சரிச் செடி வாங்கிப் பக்கத்தில் வைத்தீர்களா, கார்ப்பரேஷன் தண்ணீர் வராமல் போர் தண்ணீர் ஊற்றினீர்களா, ஏசி ஓடுகிறதா?

சில விஷயங்கள் நோயே அல்ல. நாற்றின் முதல் இரண்டு விதையிலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. கணுக்களிலும் தண்டிலும் ஊதாக் கோடு ஓடுவது மிளகாயின் குணம். விளக்கு வெளிச்சத்தில் அது இன்னும் தூக்கலாகத் தெரியும். கத்திரி வெயில் நாளில் பிற்பகல் 2 மணிக்கு இலை நீளவாக்கில் மேல்நோக்கி மடிந்து, மாலை 6 மணிக்கு விரிந்துவிட்டால் அது செடி ஈரத்தைக் காத்துக்கொள்ளும் வழி. இலை வழவழப்பாக, சுருக்கம் இல்லாமல் இருந்தால் அதற்கு மருந்து வேண்டாம். அந்த நேரத்தில் மண் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மதுரையில் முதல் சந்தேகம் தண்ணீர் மீது

பூச்சி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நம் ஊர் மிளகாயைத் தண்ணீர் கெடுத்திருக்கும். நகரத்திலும் புறநகரிலும் பல வீடுகளில் செடிக்குப் போவது போர் தண்ணீர். அதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று உப்பு, மற்றது சுண்ணாம்புக் கடினம்.

உப்பு ஏறிய செடியில் இலை நுனியும் விளிம்பும் பழுப்பாகக் காயும். உள்பகுதி பச்சையாகவே இருக்கும். கருகல் அடி இலையில் தொடங்கி மேலே வரும். மண்ணின் மேல் வெள்ளைப் படலம், தொட்டியின் விளிம்பில் வெள்ளைக் கோடு. ஈரம் இருந்தும் செடி வாடி நிற்கும், ஏனென்றால் உப்பு மிகுந்த மண்ணிலிருந்து வேரால் நீரை இழுக்க முடியாது. மிளகாய் உப்பை அதிகம் தாங்காத பயிர். பாசன நீரின் மின்கடத்துத் திறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே வளர்ச்சி குறையத் தொடங்கும். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் சாதாரண டிடிஎஸ் மீட்டரில் இது ஏறக்குறைய 500 முதல் 640 பிபிஎம் வரை காட்டும்.

ஊற்றும் தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது, தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட்டு, மேலும் 200 மில்லி ஊற்றி, இப்போது வடிவதைப் பிடித்து மீட்டரை வையுங்கள். ஊற்றியது 400 காட்டி வடிந்தது 900, 1000 என்று காட்டினால் மண்ணில் உப்பு தங்கியிருக்கிறது.

தீர்வு அலசல்தான். தொட்டியின் கொள்ளளவைப்போல் 2 முதல் 3 மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி முழுதும் வடியவிட வேண்டும். 10 லிட்டர் தொட்டிக்கு 20 முதல் 30 லிட்டர் ஆகும். ஒரே மூச்சில் கொட்டாமல், ஒரு மணி நேரத்தில் நான்கைந்து தவணையாக ஊற்றினால் உப்பு நன்றாகக் கரைந்து வரும். குழாயில் வரும் கார்ப்பரேஷன் தண்ணீர், ஐப்பசி கார்த்திகை மழையில் பிடித்து வைத்த நீர், இரண்டில் எது கிடைத்தாலும் சரி. அலசிய பிறகு மேல் மண் 2 அங்குலம் காயும் வரை தண்ணீர் கிடையாது, 10 நாள் வரை உரமும் கிடையாது. அடித்தட்டில் வடிந்த நீரை அப்படியே விட்டால் அந்த உப்பை வேர் திரும்ப உறிஞ்சும். வீட்டுக்குள் தரை நனையக் கூடாது என்று தட்டு வைக்கிறோம். அதை அரை மணி நேரத்தில் கொட்டிவிடும் பழக்கமும் கூடவே வேண்டும்.

ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பெருகிவிட்டது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த நீரில் மூல நீரைவிட உப்பு செறிந்திருக்கும். அது தரை துடைக்க ஆகும், மிளகாய்த் தொட்டிக்கு ஆகாது. அடுக்ககங்களில் சாஃப்ட்னர் வைத்து வரும் நீர் அதைவிட ஏமாற்றும். சோப்பு நன்றாக நுரைக்கும், குழாயில் வெள்ளை படியாது, ஆகவே நல்ல தண்ணீர் என்று தோன்றும். சாஃப்ட்னர் செய்வது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுவது. மிளகாய்க்கு வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தருகிறது. அந்தக் குழாய்க்கு முந்தைய இணைப்பில் தண்ணீர் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஆர்ஓவின் குடிநீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்க ஆர்ஓ நீர் ஊற்றுபவர்கள் அதில் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை என்பதை மறக்கக் கூடாது.

இனி கடினநீர். இதன் அடையாளம் குருத்தில் வரும். புது இலை எலுமிச்சை மஞ்சளாக வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். அடி இலை நல்ல பச்சை. இது இரும்புக் குறைபாட்டின் முகம். மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விட்டது என்று பொருளில்லை. நீரிலுள்ள பைகார்பனேட் மண்ணின் காரத்தை (பிஎச் அளவை) ஏற்றி, இரும்பைக் கரையவிடாமல் பூட்டிவிடுகிறது. ஈரம் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இதே அடையாளம் வரும் என்பதால் முதலில் வடிகால் துளைகளைப் பாருங்கள்.

உடனடி நிவாரணத்துக்கு இலைவழி இரும்பு. ஒரு லிட்டர் ஆர்ஓ குடிநீரில் முதலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பிறகு உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 3 முதல் 5 கிராம் கரையுங்கள். இளஞ்செடிக்கு 2 கிராம் போதும். கரைசல் இளம்பச்சையாகத் தெளிந்திருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறம் வந்துவிட்டால் அந்த இரும்பு செடிக்குப் பயன்படாது, கொட்டிவிடுங்கள். போர் தண்ணீரில் கரைத்தால் விரைவில் அப்படித்தான் ஆகும். மாலையில் தெளித்து, வாரம் ஒருமுறை என்று 3 முறை செய்தால் அடுத்து வரும் குருத்தில் பச்சை திரும்பும். மண்ணுக்கு ஊற்றுவதானால் கடையில் கிடைக்கும் இரும்பு கீலேட்டில் (இரும்பு மண்ணில் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் உரம்) எந்த வகை என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். இடிடிஏ வகை, பிஎச் 6.5ஐத் தாண்டிய மண்ணில் நிலைக்காது. நம் ஊருக்கு இடிடிஎச்ஏ வகைதான் பொருந்தும். விலை அதிகம், ஆனால் வீட்டுத் தொட்டிக்குத் தேவைப்படும் அளவு மிகக் குறைவு.

ஊற்றும் நீரில் எலுமிச்சைச் சாறு கலந்து காரத்தைக் குறைக்கலாம் என்பது பாதி உண்மை. ஊற்றும் நேரத்தில் குறையும். ஆனால் அந்த அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்ததும் காரம் திரும்பிவிடும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை விட்டுத் தெளிந்ததை எடுத்தால் கடினம் நன்றாகக் குறையும். இரண்டு மூன்று தொட்டிக்கு இது செய்யக்கூடியதுதான். கறி உப்பு வகையான உவர்ப்பு மட்டும் கொதிக்கவைத்தாலும் போகாது.

இன்னொரு தண்ணீர்ப் பிரச்சினை, அளவு. இலை தொங்குகிறது, மண்ணோ ஈரம், தொட்டியோ கனம். இதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவதால்தான் வீட்டு மிளகாய் அதிகம் சாகிறது. தாகத்தில் வாடிய இலை மெலிந்து காகிதம்போல் இருக்கும், நீர் ஊற்றிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிமிரும். வேர் அழுகலில் வாடிய இலை கனமாகத் தொங்கும், அடி இலை ஒட்டுமொத்தமாக மஞ்சளாகி உதிரும், தொட்டி துளையில் மூக்கை வைத்தால் சாக்கடை வாடை வரும். தண்ணீரை நிறுத்தி, வெளிச்சமும் காற்றும் கூடிய இடத்துக்கு மாற்றுங்கள். வாடை வந்தால் செடியைக் கவிழ்த்து எடுத்து, பழுப்பாகிக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நட வேண்டும். செம்மண், கழுவிய கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி. கரிசல் மண் வேண்டாம். வீட்டுக்குள் அது காயவே காயாது.

மழை மாதங்களில் இலையின் அடியில் மணல் தூவியதுபோல் சிறுசிறு புடைப்புகள் வருகின்றன. பலரும் இதைப் பூச்சி முட்டை என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். முட்டை என்றால் வழிந்து வரும். புடைப்பு என்றால் அப்படியே நிற்கும். வேர் உறிஞ்சும் நீரை இலை வெளிவிட முடியாதபோது உயிரணு வீங்கி வருவது இது. தண்ணீரைக் குறைத்து, மின்விசிறிக் காற்று சுற்றிவர விட்டால் புது இலையில் வராது.

சுருளும் திசை

தண்ணீரும் மண்ணும் சரியாக இருந்தும் குருத்து சுருண்டால் பூச்சி. மூன்று குற்றவாளிகள் உண்டு. நம் பக்கத்து விவசாயிகள் மொத்தத்தையும் முரணை என்றோ முடக்கு என்றோ சொல்லிவிடுவார்கள். மருந்து வேறு வேறு என்பதால் பிரித்தறிவது அவசியம்.

இலையின் இரு விளிம்பும் மேல்நோக்கி மடிந்து படகுபோல் ஆனால் இலைப்பேன். இலை சின்னதாகிச் சுருக்கம் விழும். அடிப்பக்கத்தில் நடுநரம்பை ஒட்டி வெள்ளியும் பழுப்புமாகச் சுரண்டிய தழும்பு, அங்கங்கே கரும்புள்ளி எச்சம். வெள்ளைத் தாளைக் குருத்துக்கடியில் பிடித்து நான்கைந்து தட்டுத் தட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, வைக்கோல் நிறத் துணுக்குகள் விழுந்து வேகமாக ஓடும். பூவையும் தட்டிப் பாருங்கள். 2021 கடைசியில் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களைப் பெரிய அளவில் அழித்த கறுப்பு நிற இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும்.

விளிம்பு கீழ்நோக்கி மடிந்து அந்தப் படகு கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி. இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டிருக்கும். இலை ஒடுங்கி, தடித்து, மடக்கினால் நொறுங்கும். அடிப்பக்கம் எண்ணெய் தடவிய பழுப்பு மினுமினுப்பு. குருத்து வளர்ச்சி அப்படியே நின்றுவிடும், மொட்டு கருகி உதிரும். இந்தச் சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான்; வெறும் கண்ணுக்குத் தெரியாது, தட்டினாலும் தெரியாது. 10 மடங்கு லென்சில் அசையும் தூசிபோல் தெரியும். 30 அல்லது 40 மடங்கு இருந்தால், வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட நீள்வட்ட முட்டையைப் பார்த்து உறுதி செய்யலாம். அந்தப் புள்ளி முட்டை இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். மொபைலில் மாட்டும் சின்ன லென்சே போதும். எதிர்பாராத ஒன்று, இந்தச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடி விட்டுச் செடி பயணம் செய்யும். ஆகவே வெள்ளை ஈயைப் பொறுத்துக்கொள்வதும் முரணையை வரவழைப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது, வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். இலை சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு, நரம்புகள் தடித்து, நரம்புக்கிடையே பகுதி புடைக்கும். கணு இடைவெளி குறுகிச் செடி கொத்தாக, குட்டையாக நிற்கும். பூ இருக்காது, இருந்தாலும் காய் பிடிக்காது. லென்சில் பார்த்தால் குருத்தில் பூச்சியே இருக்காது.

இலைப்பேன் சுருளும் வைரஸ் சுருளும் ஒன்றுபோல் தெரிவதால் தடுமாற்றம் வரும். அதைத் தீர்க்க ஒரு வெட்டுச் சோதனை இருக்கிறது. சுருண்ட கிளை ஒன்றின் நுனியில் 5 முதல் 8 சென்டிமீட்டர் வெட்டி, பாலித்தீன் பையில் கட்டி எறியுங்கள். மீதிச் செடிக்கு இலைப்பேன், சிலந்தி மருத்துவம் முறையாகச் செய்யுங்கள். 2 முதல் 3 வாரத்தில் வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் துளிர் வரும். துளிர் நேராக, விரிந்து வந்தால் பூச்சிதான், செடி பிழைத்தது. துளிரும் சுருண்டு, குறுகி வந்தால் வைரஸ். அதற்கு மருந்து இல்லை. மோர், மஞ்சள், பெருங்காயம் எதைத் தெளித்தாலும் செடிக்குள் இருக்கும் வைரஸ் போகாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை சுருண்ட இலை மீண்டும் நேராகாது. மருந்து வேலை செய்ததா என்று பழைய இலையைப் பார்த்து முடிவெடுத்தால் தவறாகும். அதைப் பார்த்துவிட்டு மூன்று நாளில் இன்னொரு மருந்து, ஐந்து நாளில் வேறொன்று என்று மாற்றிமாற்றி அடித்து, கடைசியில் மருந்தாலேயே இலை கருகும் செடிகள் ஏராளம். 10 முதல் 14 நாள் பொறுத்து, புதிதாக வரும் குருத்தை மட்டும் பாருங்கள்.

மருத்துவ முறை

தெளிக்கும் வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். தொட்டியை மொட்டை மாடிக்கோ குளியலறைக்கோ கொண்டுபோங்கள். முதல் வேலை வெறும் தண்ணீர்தான். கைப்பம்பின் கூர்மையான பீச்சலால் இலையின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். 3 நாளுக்கு ஒருமுறை இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே அசுவினியும் செஞ்சிலந்தியும் பாதி அடங்கும்.

இலைப்பேனுக்கு வேப்ப எண்ணெய் பொருந்தும். லிட்டருக்கு 5 மில்லி, நாற்றானால் 3 மில்லி. எண்ணெயை நேரே நீரில் ஊற்றினால் மிதக்கும். செடியின் ஒரு பக்கத்துக்கு எண்ணெயும் மறுபக்கத்துக்குத் தண்ணீரும்தான் போகும். கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் 2 மில்லி திரவ சோப்பும் எண்ணெயும் சேர்த்து, பால் நிறம் வரும் வரை குலுக்கி, பிறகு மீதி நீரைக் கலக்குங்கள். வெயில் இறங்கிய பின், 5 முதல் 7 நாள் இடைவெளியில் 3 முறை. கூட்டுப்புழுப் பருவத்தை இலைப்பேன் பெரும்பாலும் மண்ணிலும் சருகிலும் கழிப்பதால், மேல் மண்ணைக் கிளறி உதிர்ந்த இலைகளை நீக்கி வேப்பம் புண்ணாக்குத் தூள் தூவுங்கள். செடி உயரத்தில் நீல ஒட்டட்டை (பூச்சி ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய அட்டை) ஒன்று. இதற்கும் அடங்காவிட்டால் ஸ்பினோசாட் 45 எஸ்சி என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு 0.3 மில்லி, ஊசி போடும் 1 மில்லி சிரிஞ்சில் அளந்து எடுங்கள். உத்தேசமாக மூடியில் ஊற்றக் கூடாது. காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை அட்டையில் படித்துவிட்டே தெளியுங்கள்.

முரணைச் சிலந்திக்கு நனையும் கந்தகம் 80 சதத் தூள், லிட்டருக்கு 2 கிராம். மதுரையில் இதை நேரம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய வேளையில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். சித்திரை, வைகாசியில் நல்ல வேளை கிடைப்பது அரிது, அப்போது சோப்புக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளலாம். வேப்ப எண்ணெய் அடித்த செடிக்கு 2 வாரம் கழியாமல் கந்தகம் அடிக்கக் கூடாது, கந்தகத்துக்குப் பின் எண்ணெய்க்கும் இதே கணக்கு. கோடையில் இந்தச் சிலந்தி ஒரு வாரத்துக்குள்ளாகவே அடுத்த தலைமுறையைப் பெற்றுவிடும் என்பதால் ஒரே முறை அடித்து விட்டுவிடுவது வீண்.

கடைக்காரர் இமிடாகுளோபிரிட் தந்தால் சிலந்திக்காக அதை வாங்காதீர்கள். அது சாறுறிஞ்சும் பூச்சிக்கானது. சிலந்தி சாகாது; சில சமயம் கூடவும் செய்யும். சமையலறை ஜன்னலில், வாரத்தில் இரண்டு நாள் காய் பறிக்கும் செடிக்கு ஊடுருவும் மருந்து தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

செஞ்சிலந்தியில் இலை சுருளாது. மேல்பக்கத்தில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளி நிறைந்து, முற்றினால் மெல்லிய நூலாம்படை கட்டும். பக்கத்தில் ரோஜாவோ கத்திரியோ இருந்தால் அங்கிருந்து வந்திருக்கும், அதற்கும் சேர்த்து மருந்து செய்யுங்கள். அசுவினிக்குச் செம்பருத்தியைப் பாருங்கள். இலைமேல் பிசுபிசுப்பும் எறும்பு வரிசையும் தெரிந்தால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று பொருள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டட்டை.

சத்துக் குறைவு என்று எளிதில் முடிவெடுக்காதீர்கள்

அடி இலையிலிருந்து ஒரே சீராக வெளிர்ப்பச்சையாகி மஞ்சளானால் தழைச்சத்து. 15 நாளுக்கு ஒருமுறை மண்புழு உரம் ஒரு கைப்பிடி, அல்லது 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 1 கிராம் வீதம் 10 நாளுக்கு ஒருமுறை. பஞ்சகவ்யா என்றால் லிட்டருக்கு 30 மில்லி. கடலைப் புண்ணாக்கு ஊறல் நல்ல உரம்தான், ஆனால் வீட்டுக்குள் நாறும், மண்ணில் சிறு கொசு மொய்க்கும். தழைச்சத்து மிஞ்சினால் இலை கரும்பச்சையாகி நுனி கீழே வளையும். அந்த இளசான இலையைத் தேடி அசுவினி வரும்.

அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், மாலையில் இலைவழி, வாரம் ஒருமுறை என்று 2 முறை. இந்தக் குறைவு வரக் காரணம் பல வீடுகளில் வாழைப்பழத்தோல் நீரும் சாம்பலும்தான். அவற்றிலுள்ள சாம்பல்சத்து மிஞ்சும்போது மக்னீசியத்தை வேர் எடுக்க முடியாமல் போகும். சாம்பல் காரத்தையும் ஏற்றுவதால் இரும்பும் பூட்டிக்கொள்ளும். கடினநீர் ஊற்றும் தொட்டிக்குச் சாம்பல் வேண்டவே வேண்டாம். கழுவாத கோகோபீட்டிலும் இதே கதை: கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை கழுவிய பிறகே கலவையில் சேருங்கள்.

குருத்து நெளிந்து, இலை நுனி கொக்கியாகி, காயின் அடியில் கரும்புண் வந்தால் சுண்ணாம்புச்சத்து குருத்துக்குப் போய்ச் சேரவில்லை. உடனே முட்டை ஓட்டுத் தூள் போடுகிறார்கள். நம் கடினநீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே வேண்டிய அளவு உண்டு. கார மண்ணில் முட்டை ஓடு கரைவதும் இல்லை. சுண்ணாம்புச்சத்து நீரோட்டத்தோடு மட்டுமே மேலே ஏறும். ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டாலும், காற்றே இல்லாத மூலையில் இலை நீரை வெளிவிடாவிட்டாலும் அது ஏறாது. தண்ணீரைச் சீராக்கி, காற்று வரச் செய்வதே மருந்து. முழுக்க ஆர்ஓ நீரிலோ சாஃப்ட்னர் நீரிலோ வளரும் செடிக்கு மட்டும் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம் கொடுக்கலாம்.

ஜன்னல் எந்தத் திசை

தெற்கு ஜன்னலில் வையுங்கள் என்று இணையம் முழுக்க எழுதியிருக்கும். அது வடக்கே வெகு தொலைவில் இருக்கும் நாடுகளுக்கான அறிவுரை. மதுரை ஏறக்குறைய 10 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் வாக்கில் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து, ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். அந்த நான்கு மாதம் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயிலே கிடைக்காது. மார்கழி, தையில் அதே தெற்கு ஜன்னல்தான் சிறந்தது. ஆண்டு முழுதும் நம்பக்கூடியது கிழக்கு. மேற்கு ஜன்னலில் வெளிச்சம் உண்டு, ஆனால் கோடையில் சுவரும் கிரில்லும் சேர்ந்து சுடும்.

வெளிச்சம் குறைந்தால் கணு இடைவெளி நீளும், இலை பெரிதாகி மெலியும், அடி இலை உதிரும். செடி இருக்கும் இடத்தில் நண்பகலில் வெள்ளைத் தாளை வைத்து ஓரடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். நிழலின் விளிம்பு கூர்மையாக விழாவிட்டால் மிளகாய்க்கு அந்த இடம் போதாது. 20 வாட் வெள்ளை எல்இடி குழல்விளக்கு இரண்டு, நுனியிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் இரண்டு மூன்று செடிக்கு ஆகும். விளக்கு மிக அருகில் இருந்தால் உச்சி இலை மட்டும் வெளுத்து மேல்நோக்கி மடியும். இதையும் இலைப்பேன் என்று மயங்குவார்கள். அடிப்பக்கத்தில் தழும்பு இல்லாவிட்டால் விளக்கை 10 சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள்.

உள்ளே வளர்ந்த செடியைத் திடீரென மாடி வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைக் காகிதத் திட்டு விழும். அது நோயல்ல, வெந்த புண். காலை வெயிலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி 7 முதல் 10 நாளில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏசிக் காற்று நேராகப் படும் இடத்திலும் இலை விளிம்பு காய்ந்து சுருளும், தொட்டியை நகர்த்தினால் சரியாகும்.

பூஞ்சணம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மழை படாத செடியில் இலைப்புள்ளி குறைவாகவே வரும். மார்கழி, தையில் மட்டும் சாம்பல் நோய் எட்டிப் பார்க்கும். இலையின் மேல்பக்கம் மங்கலான மஞ்சள் திட்டு, அடிப்பக்கம் வெண்துகள், பிறகு இலை கொத்தாக உதிர்வு. அதே நனையும் கந்தகம் 2 கிராம் கேட்கும். பீடி, புகையிலை, மூக்குப்பொடி பழக்கம் உள்ளவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மிளகாயைத் தொடக் கூடாது; புகையிலைத் தேமல் வைரஸ் கையாலேயே பரவும். பச்சையும் வெளிர்மஞ்சளும் கலந்த தேமல் இலையில் தெரிந்தால் அதுவாக இருக்கலாம்.

வைரஸ் என்று உறுதியான செடியை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், மற்றச் செடிகளுக்கு அதிலிருந்து போகும். அதிகாலையில் வெள்ளை ஈ மந்தமாக இருக்கும்போது பெரிய பாலித்தீன் பையைச் செடியின் மேல் கவிழ்த்து, வாயைக் கட்டி, அடியோடு வெட்டி எடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். இலைச்சுருள் வைரஸ் மண்ணில் தங்காது என்பதால் வேரை நீக்கிவிட்டு அந்தத் தொட்டி மண்ணைக் கீரைக்கோ வெண்டைக்கோ பயன்படுத்தலாம். தேமல் என்று சந்தேகம் இருந்தால் அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்திரி மூன்றையும் வைக்காதீர்கள்; கத்தரிக்கோலையும் தொட்டியையும் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.